பதினோரு கிராம்

முதலில் காலித் தட்டைத்தான் நிறுக்க வேண்டும்.
நீலத் தட்டு, மேலே சுற்றிய கண்ணாடித் தாள்,
ஒட்டிய சீட்டு, சீட்டில் இருக்கும் மசி உட்பட.
துடைத்துக் காயவைத்து நிறுத்தால்
பதினோரு கிராம்.
அதைக் கழித்த பின் மிஞ்சுவதுதான் காளான்.
சட்டம் அவ்வளவு எளிது.
என் வேலை அவ்வளவு சலிப்பு.

பென்சில்வேனியாவில், வைக்கோலும் சாணமும் வெந்த வாடை
பள்ளிக்கூட ஜன்னல் வரை ஏறிவரும் ஊர்.
மாவட்ட அலுவலகக் கார். பின்சீட்டில்
பெல்ட் போட்டு உட்காரவைத்த தராசு.
வெல்வெட் பெட்டிக்குள் எடைக்கற்கள்.
கையுறை இல்லாமல் அவற்றைத் தொட்டதில்லை நான்.
விரல்ரேகைக்கும் எடை உண்டு.

அந்தச் செவ்வாய்க்கிழமை, ஹாலோவெல் சகோதரர்கள் கொட்டகையில்
கைபோன போக்கில் அல்ல, எண் குலுக்கி
பன்னிரண்டு தட்டு எடுத்தேன்.
சீட்டு சொன்னது: இருநூற்று இருபத்தேழு.
தராசு சொன்னது: இருநூற்றுப் பதினாறு.
இருநூற்றுப் பதினைந்து.
இருநூற்றுப் பதினேழு.
மறுபடி பதினாறு.
தட்டையும் காளானாக்கி விற்றிருந்தார்கள்.

காளான் உயிருள்ள பண்டம், கனம் கோர்ட்டார் அவர்களே,
என்றார் அவர்களுடைய வக்கீல்.
பறித்த பின்னும் மூச்சு விடுகிறது.
மூச்சுக்கு மூச்சு கொஞ்சம் நீர் போகிறது.
காற்றில் போனதற்கு
என் கட்சிக்காரர் எப்படிப் பொறுப்பாவார்?
அழகாகத்தான் சொன்னார். நானே ஒரு கணம்
குளிரறைக்குள் ஆயிரம் வெள்ளைத் தலைகள்
பெருமூச்சு விடுவதைக் கேட்டேன்.

பிறகு எழுந்து நேரத்தைப் படித்தேன்.
தாள் சுற்றியது ஒன்பது பதினாலு.
நிறுத்தது ஒன்பது இருபது.
ஆறே நிமிடத்தில் அவ்வளவு பெருமூச்சு விட
அந்தக் காளானுக்கு என்ன துக்கம்?
நீதிபதி சிரிக்கவில்லை. சுருக்கெழுத்தாளர் சிரித்தார்.

கொசுறு கேட்கவில்லை நாங்கள். அச்சடித்ததைக் கேட்டோம்.
பதினோரு கிராம் என்பது நடுத்தரக் காளான் ஒன்று.
நாளுக்கு நாற்பதாயிரம் தட்டு.
விளையாத காளான் நானூற்று நாற்பது கிலோ
தினமும் லாரி ஏறிப் பிலடெல்பியா போனது.
அங்கே யாரோ அதற்குக் காசு கொடுத்தார்கள்.
ஒருவரும் தின்னவில்லை.

அபராதம் பதினெட்டாயிரம் டாலர்.
செய்தித்தாளில் எட்டாம் பக்கம்,
நாயைக் காணவில்லை அறிவிப்புக்கு மேலே.
அலுவலகத்தில் கேக் வாங்கினோம்.
சமமாக வெட்டு, லொரெய்ன் என்றார்கள்.
வருடத்துக்கு நாலு முறை அதே நகைச்சுவை.

ஆறு வாரம் கழித்து மறுஆய்வு.
மேசைக்கு மேசை புதுத் தராசு.
பச்சை எரிந்தால்தான் தட்டு நகரும்.
மூன்றாம் மேசையில் எடெல்மிரா,
கையுறையின் சுட்டுவிரல் கிழிந்திருக்கிறது.
வைக்கிறாள். சிவப்பு.
சின்னதை எடுத்துப் பெரிதை வைக்கிறாள். சிவப்பு.
இன்னொன்று. பச்சை.
முன்பு மணிக்குத் தொண்ணூறு தட்டாம்.
இப்போது எழுபத்தெட்டு.
கூலி தட்டுக் கணக்கு. தட்டுக்கு இத்தனை என்பது மாறவில்லை.
புகாராகச் சொல்லவில்லை அவள்.
கேட்டதால் எண்ணைச் சொன்னாள்.
கண் விளக்கை விட்டு எடுக்கவில்லை.

பன்னிரண்டும் சரி என்று எழுதினேன்.
பன்னிரண்டும் சரிதான்.
கூலி வேறு துறை, வேறு கட்டடம்.
அந்தக் கட்டடத்தின் தொலைபேசி எண்ணை
சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.
நாலாக மடித்துக் கையுறைக்குள் செருகிக்கொண்டாள்.
அடுத்த தட்டு. சிவப்பு.

அன்று மாலை கடையில் ஒரு தட்டு வாங்கினேன்,
ஹாலோவெல் சீட்டு ஒட்டியது.
சமையலறைத் தராசு சட்டப்படி செல்லாது;
இருந்தாலும் தட்டைத் துடைத்து, காயவைத்து, கழித்து,
இருநூற்று இருபத்தெட்டு.
வழியெல்லாம் மூச்சு விட்டது போக
இன்னும் ஒரு கிராம் கூடுதல்.

வாணலியில் வெண்ணெய் கருகத் தொடங்கியது.
நான் எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.